சிம்னி விழாத படங்கள்

"கொஞ்சம் அசையாம இரு. ஒரே நிமிசம். எங்கண்ணுல்ல."

ஹில்டா மணலில் குப்புறப் படுத்திருக்கிறார். அவர் கெஞ்சுவது ஓர் அடம்பம்பூவிடம். எண்ணூர் முகத்துவாரத்துக் காலைக் காற்று அந்தப் பூவைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு கண்ணை மூடி, ஒரு கண்ணைக் கேமராவில் பதித்து, மூச்சை அடக்கிக் காத்திருக்கிறார். காற்று தலை திருப்பிய நேரத்தில் ஒரு க்ளிக். அதற்குப் பிறகுதான் மூச்சு. எழுந்ததும் உடம்பில் ஒட்டிய மணலைத் தட்டுவதில்லை. அடுத்த பூவுக்கும் படுக்கத்தானே வேண்டும்.

ஐம்பதைத் தொட்டுவிட்ட பெண்மணி. சுடிதாருக்கு மேலே அண்ணன் கழித்துப்போட்ட முழுக்கைச் சட்டை, தலையில் முண்டாசாகச் சுற்றிய துண்டு, கன்னத்தில் எப்போதும் ஒரு சுக்கு மிட்டாய். கேமரா பயணம் செய்வது ஜவுளிக்கடைக் கட்டைப்பையில். பையின் வாயை மூடியபடி ஒரு கட்டு அரைக்கீரை கிடக்கும். "கேமராவ எவன் வேணா அடிப்பான். கீரைய எவன் அடிப்பான்?" என்பார். மாலையில் வீடு திரும்பும்போது கீரை வெயிலில் சோர்ந்து தலை தொங்கிப்போயிருக்கும். அன்று இரவுக்கு அதுதான் கூட்டு.

தொழில் கயிறு. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ராயபுரத்துக்குள் இருக்கிறது கடை. நைலான் கயிற்றுச் சுருள்கள், வலைக்கான மிதவைகள், ஈயக் குண்டுகள், நங்கூரச் சங்கிலி. திருச்செந்தூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த அப்பா ஆரம்பித்த கடையை, அவருக்குப் பிறகு அண்ணன் அருள்நாதனும் ஹில்டாவும் நடத்துகிறார்கள். ஹில்டா பிறந்தது இங்கேதான். ஆகவே அவருக்கு இரண்டு தமிழ். உள்ளே திரும்பி, "எண்ணே, பெரிய சுருளு எங்க கெடக்கு?" என்று கேட்ட வாய், வெளியே திரும்பி, "இன்னா நைனா, போன மாசம் இஸ்துகினு போன கயிறு அதுக்குள்ள பூட்ச்சா?" என்று கேட்கும். நடுவில் ஒரு மூச்சுகூட இடைவெளி இருக்காது.

மாசி முடிந்து பங்குனி பிறந்ததும் ஹில்டாவைக் கடையில் பிடிக்க முடியாது. மழையில் ஊறிய மணல் மேட்டில் அடம்பங்கொடி ஊதா ஊதாவாகப் பூத்துக் கடல்வரை ஓடும். இராவணன் மீசைப் புல் உருண்டை உருண்டையாகக் காற்றில் உருளும். அத்திப்பட்டுப் பக்கத்துப் புங்க மரங்களின் அடியில் பூ கொட்டிப் பொரி இறைத்தது போலக் கிடக்கும். ஆழமில்லாத நீரில் பூநாரைகள் வந்து நிற்கும். சித்திரை வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அது லெந்து என்னும் தவக்காலம் என்பதால் ஞாயிறு ஆராதனைக்குத் தங்கை வராமல் போவது அருள்நாதனுக்கு வருத்தம். "பாடுபட்ட ஆண்டவர நினைக்கிற நாள்ல இவளுக்குப் பூ கேக்குது" என்பார். ஹில்டா ஷேர் ஆட்டோ ஏறிவிடுவார்.

ஆட்டோ கண்டெய்னர் லாரிகளின் வரிசையை உரசிக்கொண்டு திருவொற்றியூரைத் தாண்டும். இறங்கியதும் முதல் வேலை காவலாளியிடம் பேசுவது.

"ஃபோட்டோ எடுக்கக் கூடாது மேடம். கம்பெனி ஏரியா."

"உங்க கம்பெனிய எவன் எடுக்கறான் தம்பி? எனக்குப் பூ போதும்."

அது வெறும் சமாளிப்பு அல்ல. அவர் படங்களில் கம்பெனி இருக்காது. கழிமுகத்தில் எந்தத் திசையில் திரும்பினாலும் ஏதோ ஒன்று நிற்கிறது. அனல்மின் நிலையச் சிம்னி, மின்கோபுரம், நிலக்கரியைக் கொண்டுபோகும் நீண்ட பட்டை, சாம்பலை நீரில் கரைத்து அனுப்பும் குழாய், துறைமுகத்துக் கிரேன். இவை எதுவும் விழாமல் படமெடுக்க அவர் உடம்பைப் பழக்கிவைத்திருக்கிறார். படுத்தால் மணல் மேடு சிம்னியை மறைக்கும். குந்தினால் புல் கோபுரத்தை மறைக்கும். சில இடங்களில் கழுத்தை ஒடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். புகை கடல் பக்கம் சாயும்வரை வெயிலில் உட்கார்ந்திருந்ததும் உண்டு. அந்தப் படங்களை ஃபேஸ்புக்கில் போடுவார். "கேரளாவா மேடம்?" என்று யாராவது கேட்பார்கள். அவர் ஒரே ஒரு சொல் எழுதுவார்: எண்ணூர். அந்தச் சொல்லை எழுதும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அதற்குக் காரணம் உண்டு. அவர் சொல்லமாட்டார், அண்ணன் சொல்வார். ஹில்டாவுக்கு இருபத்து நான்கு வயதில் திருச்செந்தூர்ப் பக்கத்து நாசரேத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்குப் பிடித்திருந்தது. பையனின் தாயார் வீட்டுக்குள் வந்ததிலிருந்து போகும்வரை மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவில்லை. காபியும் குடிக்கவில்லை. வாசலில் நின்று, "பிள்ள நல்ல பிள்ளதான். ஆனா இந்த நாத்தத்துல வளந்தது நம்ம வீட்டுக்கு ஒட்டாது" என்று சொன்னது உள்ளே இருந்த எல்லோருக்கும் கேட்டது. அதற்குப் பிறகு வந்த இரண்டு வரன்களை ஹில்டாவே வேண்டாமென்று சொல்லிவிட்டார். கேமரா வாங்கியது பல வருடம் கழித்து. ஆனால் அந்தக் கைக்குட்டைக்குத்தான் அவர் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று அருள்நாதன் நினைக்கிறார்.

கழிமுகத்தில் அவருக்கு ஒரு சிநேகிதி. பெயர் தேசம்மா. முகத்துவாரத்துக் குப்பத்துக்காரர். இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பவர். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டே நகர்வார். அதனால் தண்ணீருக்குள் இருக்கும்போது பேச்சு கிடையாது. கரைக்கு வந்தால் நிறுத்தமாட்டார். பூநாரை எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது, எந்த மேட்டில் கொடி பூத்திருக்கிறது என்று ஹில்டாவுக்குச் சொல்வது அவர்தான்.

"யக்கா, அந்தாண்ட போ. சோக்கா பூத்துக்கீது. ஜல்தி போ, மாடு துன்னுறப் போவுது."

ஹில்டா அவரையும் படமெடுப்பார். ஒருநாள் தேசம்மா புடவையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினார். தோல் உரிந்து, திட்டுத் திட்டாகச் சிவந்து, ஓரத்தில் நீர் கோத்திருந்தது. "சாம்பத் தண்ணி கலக்கச்சொல்ல இப்டி ஆவுது. இத்த எடேன். இந்தச் சேத்தயும் எடு, பாரு சிமிட்டி மாரி கீது. நாலு பேரு பாக்கட்டும்."

ஹில்டா காலைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். "அத எடுத்தா அப்புறம் ஊர்க்காரன் அதத்தான் பேசுவான், தேசம்மா. ஏற்கெனவே நம்ம ஊரு பேரு கெட்டுக் கெடக்கு" என்றார். தேசம்மா புடவையை இறக்கிவிட்டுக்கொண்டு, "அதுவும் சர்தான்" என்று சிரித்தார்.

அதே பங்குனியில்தான் ஹில்டா தன் வாழ்நாளின் சிறந்த படத்தை எடுத்தார். முன்னால் அடம்பம்பூக்கள் கலங்கலாக. நடுவில் பொன்னாகக் கிடக்கும் நீர். அதில் பறியைக் கடித்தபடி தேசம்மா. அவருக்குப் பின்னால் கால் தூக்கிய பூநாரைகள். சிம்னி இல்லை. கம்பி இல்லை. குழாய் இல்லை.

ஃபேஸ்புக்கில் அதைப் பார்த்துவிட்டு ஒருவர் ஃபோன் செய்தார். அந்தப் பக்கத்தில் தொழில் நடத்தும் ஒரு கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி என்றார். குரலில் தேன். வடசென்னையின் இயற்கை அழகை வைத்துக் காலண்டர் போடுகிறோம், உங்கள் படங்கள்தான் வேண்டும், கீழே உங்கள் பெயர் வரும் என்றார். கடையில் கயிறு அளந்துகொண்டிருந்த ஹில்டாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"தாராளமா எடுத்துக்கோங்க சார். எதுக்கு வேணாலும் போட்டுக்கோங்க. நம்ம ஊரு நாலு பேருக்குத் தெரியணும்."

காலண்டர் வந்தது. கம்பெனியின் பெயர் அடியில் சின்னதாக இருந்தது, ஹில்டாவின் பெயர் அதைவிடச் சின்னதாக. அதனாலென்ன. வாடிக்கையாளர்களுக்கெல்லாம் கொடுத்தார். நாசரேத்து உறவுக்காரர்களுக்குக் கூரியரில் அனுப்பினார். குப்பத்துக்கே போய் வீடு வீடாக மாட்டிவிட்டு வந்தார். தேசம்மா இருக்கும் தாளை, மாதம் மாறியும் தேசம்மா வீட்டில் கிழிக்கவில்லை.

அடுத்த வருடம் கழிமுகத்தின் ஒரு பகுதியைத் தூர்த்துக் கிடங்கு கட்டப் போவதாகப் பேச்சு வந்தது. பேச்சு நோட்டீஸாக ஆனது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குத் தேதி குறித்தார்கள். தேசம்மா ராயபுரத்துக்கே தேடி வந்து, கடை வாசலில் மிதவை மூட்டைமேல் குந்தினார்.

"நீயும் வாக்கா. நாங்க போனா கத்துவோம், அயிவோம். எய்திக்கவே மாட்டானுங்க. நீ படிச்சவ. உனுக்கு வார்த்த வரும்."

ஹில்டா போனார். அண்ணன் தடுத்தும் போனார்.

ஒரு பள்ளி மைதானத்தில் பந்தல். நுழைவாயிலில் போலீஸ். மேடையில் அதிகாரிகள், வெள்ளைத் துணி போர்த்திய மேசை, தண்ணீர் பாட்டில். பின்வரிசைகளில் பஸ்ஸில் கூட்டிவரப்பட்ட, யாருக்கும் அடையாளம் தெரியாத ஆட்கள். முன்னால் குப்பத்து ஜனம். ஹில்டாவும் தேசம்மாவும் அடுத்தடுத்த நாற்காலியில். ஹில்டா பேச வேண்டியதை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார்.

மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை. கம்பெனித் தரப்பில் ஒருவர் படம் படமாகக் காட்டி விளக்கிக்கொண்டு போனார். வரைபடம், அட்டவணை, இன்னொரு வரைபடம். அதற்குப் பிறகு திரை முழுவதும் பொன்னாக நீர் பரவியது.

முதலில் குப்பத்து ஜனம் சிரித்தது. யாரோ விசிலடித்தார்கள். "தேசம்மா டோய்" என்று ஒரு குரல். தேசம்மாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கிய பிறகுதான் மேடைக்காரரின் குரல் காதில் விழுந்தது. "இது திட்டப் பகுதியில் அண்மையில் எடுக்கப்பட்ட புகைப்படம். கடற்கரைத் தாவரங்கள் செழிப்பாக உள்ளன. வலசைப் பறவைகள் வருகின்றன. மீனவப் பெண்மணி வழக்கம்போல் தொழில் செய்கிறார். ஏற்கெனவே இங்கு இயங்கும் ஆலைகளால் கழிமுகத்துக்குப் பாதிப்பு இல்லை என்பதை இதிலிருந்து அறியலாம்."

தேசம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். திரும்பி ஹில்டாவைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. விளங்காமல் பார்த்தார்.

ஹில்டா எழுந்து மைக்குக்குப் போனார். மனசுக்குள் ஓட்டிவைத்திருந்த ஒரு வார்த்தையும் இப்போது இல்லை.

"அந்தப் படம் நான் எடுத்தது" என்றார்.

"மகிழ்ச்சிம்மா. சொல்லுங்க" என்றார் மேடையிலிருந்த அதிகாரி.

"அன்னைக்கு அவங்க பறியில ஒண்ணுமே இல்ல சார். காலையிலேர்ந்து தடவி ரெண்டு இறால். அவங்களுக்கு வலது கைப்பக்கம் சாம்பக் குழாய் இருக்கு. பின்னால சிம்னி இருக்கு. காலெல்லாம் புண்ணு. அது எதுவும் படத்துல இல்ல."

"ஏம்மா இல்ல?"

"நான்தான் விழாம எடுத்தேன்."

"எதுக்கு?"

"அழகா இருக்கணும்னு."

மேடையில் லேசான சிரிப்பு. கம்பெனிக்காரர் கையை உயர்த்தி அனுமதி வாங்கிக்கொண்டு, மிகப் பணிவாகக் கேட்டார். "ஒரே ஒரு விளக்கம் மேடம். இந்தப் படத்துல கம்ப்யூட்டர்ல ஏதாவது சேர்த்தீங்களா?"

"இல்ல."

"இந்தப் பூ, இந்தப் பறவை, இந்த அம்மா. எல்லாம் அன்னைக்கு அங்க இருந்ததுதானே?"

"இருந்துச்சு."

"அப்போ படம் உண்மைதானே மேடம்?"

ஹில்டா திரையைப் பார்த்தார். தன் படத்தில் ஒட்டு வேலை செய்வதில்லை, நிறம்கூடக் கூட்டுவதில்லை என்று இத்தனை காலம் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி வந்தவர்.

"உண்மைதான்."

பின்வரிசைகளிலிருந்து கைதட்டல் வந்தது. "படத்தை எடுத்தவரே உறுதி செய்திருக்கிறார், குறித்துக்கொள்ளுங்கள்" என்று கம்பெனிக்காரர் சொன்னார். மேடையில் ஒருவர் குறித்துக்கொண்டார்.

பந்தலுக்கு வெளியே குப்பத்து ஆட்கள் ஹில்டாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "எவ்ளோ குட்தானுங்க?" என்று ஒருவன் கேட்டான். "கயிறு வித்து துன்றது நம்மளாண்ட, படம் காட்றது அவனுக்கா?" என்றான் இன்னொருவன். தேசம்மா நடுவில் புகுந்து அவர்களை விலக்கினார்.

"வுடுங்கடா. அது பொய் சொல்லல. உள்ளதச் சொல்லிச்சு."

பிறகு ஹில்டாவின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "ஆனா ஒரு பொய்யி சொல்லிருந்தா இன்னாக்கா? எங்களுக்கோசரம் ஒண்ணே ஒண்ணு."

அந்தக் கேள்வியோடுதான் ஹில்டா ஷேர் ஆட்டோ ஏறினார்.

மறுநாளே அவர் காலண்டருக்குப் படம் கேட்ட அதிகாரிக்கு ஃபோன் செய்து படத்தை எடுத்துவிடச் சொன்னார். "எதுக்கு வேணாலும் போட்டுக்கோங்கன்னு சொன்னீங்களே மேடம்" என்றது அதே தேன் குரல். அதற்குப் பிறகு அந்த எண் எடுக்கப்படவில்லை. சில மாதத்தில் அனுமதி வந்தது. முதலில் செம்மண் லாரிகள் வந்தன. அடம்பங்கொடி படர்ந்த மேட்டை ஒரே வாரத்தில் நிரவினார்கள். வேலை நடப்பது சாலைக்குத் தெரியாதபடி உயரமாகத் தகர வேலி அடித்தார்கள். வேலி மொட்டையாக இருக்கக் கூடாதல்லவா? அதன் மேல் நெடுக ஹில்டாவின் பூக்களைப் பெரிதாக அச்சிட்டு ஒட்டினார்கள். ஷேர் ஆட்டோவில் போகும்போது முதலில் பார்த்தவர் டிரைவர்தான். "இன்னாமா படம் போட்டுக்கீறான் பாரு, அப்டியே நெஜப் பூ மாரியே" என்றார். பின்சீட்டிலிருந்த ஹில்டா கட்டைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

குப்பத்துக்காரர்கள் கயிற்றுக்கு அடுத்த கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். கடை வாசல் வழியாகவே போவார்கள், தலை திருப்பமாட்டார்கள். அருள்நாதன் தங்கையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று ஹில்டாவுக்குத் தோன்றியது. ஒருநாள் மட்டும், சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார். "அந்தப் பொம்பள கைக்குட்டைய மூக்குல வச்சா. நீ கண்ணுல வச்சுக்கிட்ட." ஹில்டா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

அந்த வருடப் பங்குனி முழுக்க அவர் கடையை விட்டு நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனைக்குப் போனார். போதகர் சந்தோஷப்பட்டார்.

இந்தப் பங்குனியில் போயிருக்கிறார்.

தகர வேலி முடிகிற இடத்தில் கரை ஒரு சந்து அளவுக்கு மிச்சம் இருக்கிறது. அங்கே குந்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நீர் ஒடுங்கிப் போயிருந்தது. சற்றுத் தள்ளி, பறியைக் கடித்தபடி தேசம்மா குனிந்து தடவிக்கொண்டிருந்தார். ஹில்டா வந்தது அவருக்குத் தெரியும். தலை நிமிரவில்லை. வெகுநேரம் கழித்துப் பறியை வாயிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"எடுக்கலயா?"

"இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு வந்த?"

ஹில்டா எழுந்தார். பையைக் கரையில் வைத்தார். சுடிதாரை முழங்காலுக்கு மேலே சுருட்டினார். இத்தனை வருடத்தில் இந்தத் தண்ணீரில் அவர் கால் வைத்ததில்லை.

"செருப்போட எறங்காத, உள்ள இஸ்துக்கும்" என்றார் தேசம்மா. "பாத்து வெய்யி. சிப்பி ஓடு கீது, கால அறுக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். பறியைத் திரும்பக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

ஹில்டா இறங்கினார். தண்ணீர் கடல்தண்ணீர் போல இல்லை, யாரோ குளித்துவிட்டுப் போனது போல வெதுவெதுப்பாக இருந்தது. முதல் அடியில் கணுக்கால்வரை போனது. இரண்டாவது அடியில் முழங்கால். தேசம்மாவைப் போலவே குனிந்து, தோள்வரை கையை விட்டு, அடியில் துழாவினார். எதுவும் தட்டுப்படவில்லை. விரல்களைக் குவித்து அள்ளி மேலே கொண்டுவந்தார். மாவுபோல வழவழவென்று சாம்பல் நிறச் சேறு. விரலிடுக்கில் வழிந்து சட்டைக் கைக்குள் இறங்கியது.

அவர் அதை உதறவில்லை. கையை மூடிக்கொண்டு அப்படியே நின்றார்.